கணக்கு மேடை: ஒய்யைத் தனியே நிறுத்துவது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே இருந்தன. நேர்கோட்டுச் சமன்பாட்டை ஒய் = எம்எக்ஸ் + சி என்ற சாய்வு–வெட்டுத்துண்டு வடிவத்துக்குக் கொண்டுவருவதில்தான் எல்லோருக்கும் சிக்கல். இதில் எம் என்பது கோட்டின் சாய்வு. சி என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். எழுத்துகளை உச்சரிக்கிறபடியே இங்கே அச்சிட்டிருக்கிறோம். உங்கள் நோட்டில் வழக்கமான எழுத்துகளையே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 3எக்ஸ் − 4ஒய் = 24 என்ற கோட்டின் சாய்வு என்ன என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். எக்ஸுக்கு முன்னால் 3 இருக்கிறதே என்று 3 என எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. விடை 3/4 என்கிறார்கள். எப்படி?

பதில்: எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்ணைச் சாய்வு என்று எடுக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பக்கத்தில் ஒய் மட்டும் தனியே நிற்க வேண்டும், அதன் கெழுவும் (அதைப் பெருக்கும் எண்ணும்) 1 ஆக இருக்க வேண்டும். உங்கள் சமன்பாட்டில் ஒய் இன்னும் −4 ஐச் சுமந்துகொண்டு எக்ஸோடு ஒரே பக்கத்தில் நிற்கிறது. எக்ஸ் 1 கூடும்போது ஒய் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் சாய்வு. அந்த 3 சொல்வது 3எக்ஸ் எவ்வளவு கூடுகிறது என்பதை. ஒய்யைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

வேலை இரண்டே படிகள்தான். முதலில் இரு பக்கமும் 3எக்ஸைக் கழியுங்கள்:

−4ஒய் = −3எக்ஸ் + 24

அடுத்து இரு பக்கத்தையும் −4 ஆல் வகுக்க வேண்டும். வலப்பக்கத்தில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. இரண்டையும் வகுக்க வேண்டும். −3எக்ஸ் ÷ −4 என்பது (3/4)எக்ஸ். 24 ÷ −4 என்பது −6.

ஒய் = (3/4)எக்ஸ் − 6

சாய்வு 3/4, வெட்டுத்துண்டு −6.

இந்த ஒரு கணக்கிலேயே மூன்று விதமாகத் தவறலாம். 24 ஐ வகுக்க மறந்தால் (3/4)எக்ஸ் + 24 வரும். வகுத்தும் குறியைக் கவனிக்காவிட்டால் (3/4)எக்ஸ் + 6. 3எக்ஸை வலப்பக்கம் கொண்டுபோகும்போதே குறி மாற்ற மறந்தால் −4ஒய் = 3எக்ஸ் + 24 ஆகி, −(3/4)எக்ஸ் − 6 என்று முடியும். முதல் இரண்டையும் உடனே பிடித்துவிடலாம்: எக்ஸ் = 0 என்று போட்டு வரும் ஒய்யை மூலச் சமன்பாட்டில் வைத்தால் 24 வராது. மூன்றாவது அவ்வளவு சுலபமாகச் சிக்காது. எக்ஸ் = 0 என்றால் அதிலும் ஒய் = −6; மூலத்தில் வைத்தால் −4 × −6 = 24. சரியான விடை போலவே தப்பித்துவிடும்! ஆகவே சரிபார்ப்பை ஒரு புள்ளியோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ் = 4 என்று போட்டால் சரியான கோட்டில் ஒய் = −3; மூலத்தில் 12 + 12 = 24. தவறான கோட்டில் ஒய் = −9; அங்கே 12 + 36 = 48 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டாவது புள்ளிக்கு எக்ஸை, சாய்வுப் பின்னத்தின் பகுதியாக (இங்கே 4) எடுத்துக்கொண்டால் பின்னம் கழன்றுவிடும். மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. "பக்கம் மாறினால் குறி மாறும்" என்ற விதியை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். இருந்தும் −4ஒய் = −3எக்ஸ் + 24 வரை சரியாக வந்துவிட்டு, அடுத்த வரியில் ஒய் = (−3எக்ஸ் + 24)/4 என்று எழுதுகிறாள். கேட்டால் "−4 அந்தப் பக்கம் போச்சு, +4 ஆச்சு" என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: அவள் விதியை மறக்கவில்லை. அந்த விதி செல்லாத இடத்திலும் அதையே பயன்படுத்துகிறாள், அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு இதுதான் வேர் என்பது எங்கள் கருத்து.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்பது சுருக்கெழுத்து போன்றது. எண் எதுவும் எங்கும் நடந்துபோவதில்லை. இரு பக்கமும் ஒரே செயலைச் செய்கிறோம். அதன் விளைவாக ஒரு பக்கத்தில் ஒன்று மறைந்து, மறுபக்கத்தில் தலைகாட்டுகிறது. கூட்டப்பட்டிருப்பதை நீக்கக் கழிக்கிறோம், அதனால் + என்பது − ஆகத் தெரிகிறது. பெருக்கியிருப்பதை நீக்க வகுக்கிறோம். −4ஒய் என்பதில் −4 கூட்டப்பட்டிருக்கவில்லை, ஒய்யைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அதை நீக்க அதே −4 ஆல்தான் வகுக்க வேண்டும். கழித்தல் குறியும் அதன் உடம்பில் ஒரு பாகம். கழற்றி எறிய முடியாது.

மகளிடம் இதை ஒரு சின்னச் சமன்பாட்டில் காட்டுங்கள். −4ஒய் = 20. அவள் விதிப்படி ஒய் = 20/4 = 5. இப்போது −4 × 5 எவ்வளவு என்று கேளுங்கள். −20 என்று அவள் வாயாலேயே வரும். பிறகு நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒய்யின் கெழு கழித்தலாக இருந்தால், வகுப்பதற்கு முன் எல்லா உறுப்புகளின் குறியையும் மாற்றிவிடுங்கள்: 4ஒய் = 3எக்ஸ் − 24. பிறகு 4 ஆல் வகுங்கள். ஒரு வரி கூடுதல்தான், ஆனால் குறி மாற்றுவதையும் வகுப்பதையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு மகள் இப்படியே செய்யட்டும்.

பக்கத்துக்குப் பக்கம் மாற்றுவதைப் பற்றி ஒரு துணுக்கு. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி, கழிக்கப்பட்ட உறுப்பை இரு பக்கமும் கூட்டி நிரப்புவதை "அல்-ஜபர்" என்றார். குறைந்ததைச் சரிசெய்தல் என்று பொருள். அல்ஜீப்ரா என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பெயரிலேயே நிரப்புதல்தான் இருக்கிறது, கடத்துதல் இல்லை.

கேள்வி: பின்னம் வந்தாலே கை நடுங்குகிறது. எக்ஸ்/2 − ஒய்/3 = 4. பின்னத்தோடேயே செய்வதா, நீக்கிவிட்டுச் செய்வதா?

பதில்: நீக்கிவிடுங்கள். 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6. எல்லா உறுப்புகளையும் 6 ஆல் பெருக்கினால்:

3எக்ஸ் − 2ஒய் = 24

−2ஒய் = −3எக்ஸ் + 24

ஒய் = (3/2)எக்ஸ் − 12

"எல்லா உறுப்புகளையும்" என்றதில் வலப்பக்க 4 உம் அடக்கம். அது பின்னமாக இல்லையே என்று அதை விட்டுவிட்டு 3எக்ஸ் − 2ஒய் = 4 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் சாய்வு சரியாகவே வரும், வெட்டுத்துண்டு மட்டும் −2 ஆகிவிடும். கோடு சரியான திசையில், தவறான இடத்தில் போய் நிற்கும். வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

பின்னத்தின் மேலே இரண்டு உறுப்புகள் இருந்தால் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. (எக்ஸ் + 1)/2 − (ஒய் − 3)/4 = 1 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னக் கோடே ஓர் அடைப்புக்குறி மாதிரி. 4 ஆல் பெருக்கியதும் அந்தக் கோடு மறைந்துவிடும். அது செய்துகொண்டிருந்த வேலையை நிஜ அடைப்புக்குறி எடுத்துக்கொள்ள வேண்டும்:

2(எக்ஸ் + 1) − (ஒய் − 3) = 4

2எக்ஸ் + 2 − ஒய் + 3 = 4

−ஒய் = −2எக்ஸ் − 1

ஒய் = 2எக்ஸ் + 1

அடைப்புக்குறி போடாமல் நேரே எழுதினால் 2எக்ஸ் + 2 − ஒய் − 3 = 4 என்றாகி, ஒய் = 2எக்ஸ் − 5 வரும். எக்ஸ் = 0, ஒய் = −5 என்று மூலத்தில் வைத்துப் பாருங்கள்: 1/2 + 2 = 2½. 1 வர வேண்டிய இடம் அது.

கேள்வி: ஒய் இரண்டு பக்கமும் இருந்தால்?

பதில்: முதலில் எல்லா ஒய்யையும் ஒரு பக்கம் சேருங்கள். பிறகுதான் வகுத்தல். 5ஒய் − 2(எக்ஸ் − ஒய்) = 3ஒய் + 8 என்றால், அடைப்பை விரித்ததும் 7ஒய் − 2எக்ஸ் = 3ஒய் + 8. இரு பக்கமும் 3ஒய் கழித்து, 2எக்ஸ் கூட்டினால் 4ஒய் = 2எக்ஸ் + 8. ஆகவே ஒய் = (1/2)எக்ஸ் + 2. அவசரத்தில் ஒய் = (2எக்ஸ் + 3ஒய் + 8)/7 என்று நிறுத்தினால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒய்யைக் கண்டுபிடிக்க ஒய் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அது!

கேள்வி: சார், எக்ஸ் = 5 என்ற கோட்டை இந்த வடிவத்துக்கு மாற்றச் சொன்னார்கள். "சாய்வு இல்லை" என்று எழுதினேன். ஒய் = −2 என்பதற்கும் அதையே எழுதினேன். ஒன்றுக்குச் சரி போட்டார்கள், இன்னொன்றுக்குத் தவறு போட்டார்கள்.

பதில்: "சாய்வு இல்லை" என்ற சொல்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. தமிழில் அது இரண்டு பொருளையும் தரும்: சாயவே இல்லை, படுத்தவாக்கில் இருக்கிறது என்றும் கொள்ளலாம்; சாய்வு என்று ஒரு மதிப்பே கிடையாது என்றும் கொள்ளலாம். தேர்வுத்தாளில் அந்தச் சொற்றொடரையே விட்டுவிடுங்கள்.

ஒய் = −2 என்பது ஏற்கெனவே ஒய் = 0·எக்ஸ் − 2 தான். "சாய்வு 0" என்று எழுதுங்கள். எக்ஸ் = 5 என்பதில் ஒய்யின் கெழு 0. ஒய்யைத் தனியாக்க 0 ஆல் வகுக்க வேண்டும், அது நடக்காது. எனவே இந்த வடிவம் அதற்குக் கிடையாது. "சாய்வு வரையறுக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். அந்தக் கோடு ஒய் அச்சுக்கு இணையாக நேர் நிமிர்ந்து நிற்கிறது. ஒய் அச்சை வெட்டுவதே இல்லை. ஆகவே எம் மட்டுமல்ல, சி யும் கிடையாது.

கேள்வி: சாய்வு = −(எக்ஸ் கெழு ÷ ஒய் கெழு) என்று ஒரு சூத்திரம் இருக்கும்போது எதற்கு இத்தனை வரி?

பதில்: சூத்திரம் சரியானதே. 3எக்ஸ் − 4ஒய் = 24 என்பதில் −(3 ÷ −4) = 3/4. சாய்வு மட்டும் கேட்கும் ஒரு மதிப்பெண் கேள்விக்கு அதுவே போதும். வெட்டுத்துண்டு கேட்டால்தான் வழுக்கும். மாறிலி வலப்பக்கம் தனியாக இருந்தால் வெட்டுத்துண்டு = மாறிலி ÷ ஒய் கெழு. எல்லாம் இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் 0 என்றால், அதற்கு முன்னால் ஒரு கழித்தல் சேர வேண்டும். 3எக்ஸ் − 4ஒய் − 24 = 0 என்பதில் −(−24 ÷ −4) = −6. ஒரு புத்தகம் முதல் வடிவத்தில் தருகிறது, இன்னொன்று இரண்டாவதில். எந்த வடிவத்துக்கு எந்தச் சூத்திரம் என்று நினைவில் தேடும் நேரத்தில் இரண்டு வரி எழுதி முடித்துவிடலாம். சூத்திரத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒய் = −(2/3)எக்ஸ் + 4 வரை மாற்றிவிட்டேன். வரைபடத்தாளில் போடும்போது கோடு எதிர்ப்பக்கம் சாய்கிறது.

பதில்: கழித்தல் குறியை இரண்டு தடவை செலவழித்திருப்பீர்கள். −2/3 இல் ஒரு கழித்தல்தான் இருக்கிறது. அதை மேலெண்ணுக்குக் கொடுங்கள்: வலப்பக்கம் 3, கீழே 2. அல்லது கீழெண்ணுக்குக் கொடுங்கள்: இடப்பக்கம் 3, மேலே 2. இரண்டுக்கும் கொடுத்து இடப்பக்கம் 3, கீழே 2 என்று நகர்ந்தால் அது +2/3.

தொடங்கும் இடம் (0, 4). அதாவது ஒய் அச்சில் 4. எக்ஸ் அச்சில் 4 ஐக் குறித்துவிட்டு அங்கிருந்து புறப்படுகிறவர்களும் உண்டு. (0, 4) இலிருந்து வலம் 3, கீழ் 2 நகர்ந்தால் (3, 2). மறுபடி அதையே செய்தால் (6, 0). மறுதிசையில் (−3, 6). இரண்டு புள்ளிகளே கோட்டுக்குப் போதும், ஆனால் மூன்றாவது ஒன்றையும் குறித்துவிடுங்கள். மூன்றும் அளவுகோலில் ஒரே நேராக அமையவில்லை என்றால் எங்கோ பிழை.

அச்சுகளின் அளவுத்திட்டத்தையும் பாருங்கள். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 அலகு என்று எடுத்திருந்தால், "கீழே 2" என்பது இரண்டு செ.மீ. அல்ல, ஒரு செ.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு. கட்டங்களை எண்ணாமல் மதிப்புகளை எண்ணுங்கள்.

வெட்டுத்துண்டு பின்னமாக இருந்தால் அதைக் கண்ணளவில் குறித்து அங்கிருந்து தொடங்காதீர்கள். ஒய் = (3/2)எக்ஸ் − 5/2 என்றால், முழு எண் தரும் எக்ஸைத் தேடுங்கள். எக்ஸ் = 1 என்றால் ஒய் = −1. எக்ஸ் = 3 என்றால் ஒய் = 2. இரண்டும் கட்டத்தின் மூலையில் பளிச்சென்று உட்காரும். 

கேள்வி: பின்னத்தைத் தசமமாக எழுதலாமா?

பதில்: 3/4 ஐ 0.75 என்று எழுதுவதில் ஒன்றும் கெடாது. 1/3 ஐ 0.33 என்று எழுதினால் கெடும். எக்ஸ் = 300 என்னும்போது 100 வர வேண்டிய இடத்தில் 99 நிற்கும். இரண்டு கோடுகள் செங்குத்தா என்று சாய்வுகளைப் பெருக்கிப் பார்க்கும்போது, வர வேண்டிய −1 வராமல் −0.99 வந்து குழப்பும். முடிவுறாத தசமம் என்றால் பின்னமாகவே விட்டுவிடுங்கள்.

எழுதும் முறை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 3/4எக்ஸ் என்று ஒரே வரியில் ஓட்டி எழுதினால் எக்ஸ் மேலே இருக்கிறதா, 4 உடன் சேர்ந்து கீழே இருக்கிறதா என்று தெரியாது. கையெழுத்தில் எக்ஸ் மெல்லச் சரிந்து பகுதிக்குள் இறங்கிவிடும். அடுத்த வரியில் நீங்களே அதை 4எக்ஸ் என்று படிப்பீர்கள். (3/4)எக்ஸ் என்றோ 3எக்ஸ்/4 என்றோ எழுதுங்கள். வரைபடம் போட்டுத் தரும் செயலிகளிலும் அடைப்புக்குறியோடுதான் தட்டச்சு செய்ய வேண்டும். அதுபோல (2எக்ஸ் + 8)/4 என்பதில் அடைப்பை விட்டால் 8 மட்டும் வகுபடும்.

கேள்வி: 6எக்ஸ் − 4ஒய் = 10, 9எக்ஸ் − 6ஒய் = 15 இரண்டும் இணைகோடுகள் என்று எழுதினேன். சாய்வு சமமாகத்தான் இருக்கிறது. ஏன் தவறு?

பதில்: முதலாவது ஒய் = (3/2)எக்ஸ் − 5/2. இரண்டாவதை மாற்றினால் ஒய் = (9/6)எக்ஸ் − 15/6; சுருக்கினால் அதுவும் (3/2)எக்ஸ் − 5/2. சி யும் சமம். ஆகவே இரண்டு கோடுகள் இல்லை, ஒரே கோடு இரண்டு வேடத்தில் வந்திருக்கிறது. இணைகோடு என்று சொல்ல எம் சமமாகவும் சி வேறாகவும் இருக்க வேண்டும். 3எக்ஸ் − 2ஒய் = 7 என்றால் ஒய் = (3/2)எக்ஸ் − 7/2. இதுதான் இணை.

செங்குத்துக்குச் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வர வேண்டும். 2எக்ஸ் + 3ஒய் = 9 என்பது ஒய் = −(2/3)எக்ஸ் + 3; 3/2 × −2/3 = −1. பின்னத்தைத் தலைகீழாக்கிவிட்டுக் குறியை மாற்ற மறப்பது இங்கே வழக்கமான பிழை. இந்தப் பெருக்கல் சோதனை படுக்கைக்கோடு–நிமிர்கோடு ஜோடிக்குப் பொருந்தாது. எக்ஸ் = 5 உம் ஒய் = −2 உம் செங்குத்தே, ஆனால் பெருக்க ஒரு சாய்வுதான் இருக்கிறது.

கேள்வி: 2எக்ஸ் − 5ஒய் < 10 என்ற அசமன்பாட்டையும் இப்படியே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஒரே ஒரு வேறுபாட்டோடு: கழித்தல் எண்ணால் வகுக்கும்போது குறியின் திசை திரும்பும். −5ஒய் < −2எக்ஸ் + 10 என்பது ஒய் > (2/5)எக்ஸ் − 2 ஆகிறது. ஏன் திரும்புகிறது என்றால், 2 < 3 இன் இரு பக்கத்தையும் −1 ஆல் பெருக்கிப் பாருங்கள். −2 தான் பெரிது. ஆதிப்புள்ளியை வைத்துச் சோதிக்கலாம். மூலத்தில் 0 < 10 உண்மை. மாற்றியதில் 0 > −2 உம் உண்மை. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் திருப்ப மறந்திருக்கிறீர்கள். எல்லைக்கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள், ஏனென்றால் கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகள் விடையில் சேராது.

கேள்வி: செல்சியஸ் = (5/9)(ஃபாரன்ஹீட் − 32). இதுவும் நேர்கோடுதானே? இதன் வெட்டுத்துண்டு −32 தானே?

பதில்: நேர்கோடுதான். ஆனால் வெட்டுத்துண்டு −32 அல்ல. 32 இன்னும் அடைப்புக்குள் இருக்கிறது. 5/9 அதையும் பெருக்க வேண்டும். விரித்தால் செல்சியஸ் = (5/9)ஃபாரன்ஹீட் − 160/9. வெட்டுத்துண்டு −160/9, ஏறத்தாழ −17.8. அதாவது 0 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது −17.8 டிகிரி செல்சியஸ். அந்த 32 இருப்பது வேறு அச்சில்: செல்சியஸ் 0 ஆகும் இடம் அது.

எதிர்த்திசையில் மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. இரு பக்கமும் 9/5 ஆல் பெருக்கினால் (9/5)செல்சியஸ் = ஃபாரன்ஹீட் − 32. ஆகவே ஃபாரன்ஹீட் = (9/5)செல்சியஸ் + 32. சாய்வு தலைகீழானது, வெட்டுத்துண்டு −160/9 இலிருந்து 32 ஆனது. "சாய்வைத் தலைகீழாக்கு, வெட்டுத்துண்டின் குறியை மாற்று" என்று குருட்டுத்தனமாகச் செய்திருந்தால் 160/9 வந்திருக்கும். −40 ஐப் போட்டுச் சரிபார்க்கலாம். −72 + 32 = −40; இரண்டு அளவுகளும் ஒரே எண்ணைக் காட்டும் ஒரே இடம் அது.

கேள்வி: இணையத்தில் பாடம் பார்த்தால் ஒய் = எம்எக்ஸ் + பி என்கிறார்கள். எது சரி? எம் என்ற எழுத்து எப்படி வந்தது?

பதில்: எழுத்து எதுவானாலும் கோடு அதே கோடுதான். அமெரிக்காவில் பி, பிரிட்டனிலும் இந்தியாவிலும் சி, இத்தாலியில் க்யூ. சுவீடனில் ஒய் = கேஎக்ஸ் + எம் என்று எழுதுகிறார்கள், அங்கே எம் என்பது வெட்டுத்துண்டு! ஆகவே எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பாருங்கள். எக்ஸோடு ஒட்டியிருப்பது சாய்வு, தனியே நிற்பது வெட்டுத்துண்டு. ஒய் = 7 − 2எக்ஸ் என்று இடம் மாறி வந்தாலும் சாய்வு −2 தான்; முதலில் நிற்கிறதே என்று 7 ஐ எடுத்துவிடாதீர்கள்.

எம் என்பது "ஏறு" என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது. பிரெஞ்சுக்காரரான டெகார்ட் 1637-ல் வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்து நூல் எழுதினார். அவர் சாய்வுக்கு எம் பயன்படுத்தவில்லை. 1840களில் வந்த ஆங்கிலப் பாடநூல்களில் இந்த எழுத்தைக் காணலாம்.

கேள்வி: எல்லாக் கணக்கிலும் இந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கமா?

பதில்: இல்லை. சாய்வு வேண்டும், வரைய வேண்டும், இணையா செங்குத்தா என்று பார்க்க வேண்டும் என்றால் மாற்றுங்கள். 7எக்ஸ் + 5ஒய் = 31, 7எக்ஸ் − 3ஒய் = −1 என்ற ஜோடியைத் தீர்க்க ஏழையும் ஐந்தையும் மூன்றையும் வைத்துப் பின்னம் கட்டுவது வீண் உழைப்பு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 8ஒய் = 32, ஒய் = 4, பிறகு எக்ஸ் = 11/7. முடிந்தது. ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்துத் தொலைவு காணும் சூத்திரமும் எல்லாம் இடப்பக்கம் இருக்கும் பொது வடிவத்தையே கேட்கிறது.

பொது வடிவத்துக்குத் திரும்பிப் போகவும் கேட்பார்கள், அதுவும் முழு எண் கெழுக்களோடு. ஒய் = (3/4)எக்ஸ் − 5/6 என்றால் 4, 6 இன் மீச்சிறு பொது மடங்கு 12 ஆல் பெருக்குங்கள். 12ஒய் = 9எக்ஸ் − 10. ஆகவே 9எக்ஸ் − 12ஒய் − 10 = 0. இடப்பக்க ஒய்யையும் 12 ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

கேள்வி: கேஎக்ஸ் + 3ஒய் = 12 இன் சாய்வு −2 என்றால் கே என்ன?

பதில்: ஒய் = −(கே/3)எக்ஸ் + 4. −கே/3 = −2 என்பதால் கே = 6. கே எதுவானாலும் வெட்டுத்துண்டு 4 தான். கே மாற மாற, கோடு (0, 4) ஐப் பிடித்துக்கொண்டு சுழலும்.

கேள்வி: எக்ஸ் × ஒய் = 6 என்பதிலும் ஒய்யைத் தனியே நிறுத்திவிட்டேன். ஒய் = 6/எக்ஸ். இதன் சாய்வு 6 தானே?

பதில்: எக்ஸ் கீழே போய்விட்டதைக் கவனியுங்கள். எக்ஸ் 1 இலிருந்து 2 ஆகும்போது ஒய் 6 இலிருந்து 3 ஆகிறது, 3 குறைகிறது. 2 இலிருந்து 3 ஆகும்போது 3 இலிருந்து 2, 1 தான் குறைகிறது. ஒரே சீராக மாறவில்லை என்பதால் இது கோடே அல்ல, வளைவு. எம், சி என்று தேட இதில் ஒன்றும் இல்லை.